முன்பெஞ்சில் ஈரம்

5 பிப்ரவரி 2024

பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். இன்றுதான் முதல்முறையாக நாப்கின் கட்டாமல் கடையில் இருந்தேன். ஒரு சொட்டு இல்லை.

திருவட்டாறில் குழாய்க்கடை வைத்திருப்பவனுக்கே வாஷர் போய்விட்டது என்று ஊர் சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். நாமும் சிரித்தால் சீக்கிரம் நிறுத்துவார்கள். தக்கலையில் பிசியோதெரபி பார்க்கிற அஞ்சு மேடம் சொன்னது: "சபையில வாயு வந்தா அடக்குவீங்கல்லா சாரே, அது போல உள்ள இழுத்து மேல தூக்கணும். மூச்சைப் பிடிக்கப்படாது." போதகர் நீண்ட ஜெபம் பண்ணும்போதெல்லாம் இதைத்தான் செய்தேன். அந்த ஜெபம் வேறு யாருக்குக் கேட்கப்பட்டதோ, எனக்குக் கேட்கப்பட்டது.

9 பிப்ரவரி

மகள் பெபிஷாவுக்கும் அதே கதையாம். வீட்டுக்காரி பூங்கனி இன்றுதான் சொன்னாள். பிரசவத்தில் இருந்தே, தும்மினால், பிள்ளையைத் தூக்கினால். இத்தனை நாள் அப்பனும் மகளும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் துணி அலசியிருக்கிறோம்.

தக்கலைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். பூங்கனி வாயைப் பொத்தாத குறை. "மருமவன் எபினுக்க சித்தி பொண்ணு அங்க பக்கத்து மருந்துக்கடையிலதான் நிக்கா. அவியளுக்குத் தெரிஞ்சா தீந்துது. ஞானஸ்நானம் கழிஞ்சு வந்து கூட்டிட்டுப் போவண்டாமா?"

அதுவும் சரிதான். தலைப்பிரசவம் நம் செலவு, நம் வீடு. ஞானஸ்நானம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கொண்டு போவார்கள். அதற்குள் சரியாக வேண்டும்.

வித்தை தெரிந்தவன் நான் ஒருவன் இருக்கிறேனே.

10 பிப்ரவரி

அந்த இடத்தைப் பற்றி மகளிடம் எந்த அப்பன் பேசுவான்? பூங்கனியிடம் சொல்லி அனுப்பினேன். அவளிடமும் முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. "கீழ பலம் குடுக்கச் சொல்லு" என்றேன். "ரெண்டு பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

14 மார்ச்

பெபிஷாவுக்கு முன்னைவிட மோசம். எழுந்து நின்றாலே போகிறதாம்.

காலையில் உள்ளறையில் பூங்கனியின் குரல். "முக்கு மக்களே, நல்லா கீழோட்டு முக்கு!" பிரசவ அறையில் நர்ஸ் இவளிடம் சொன்னதை இவள் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஐயோ, ஒரு மாதமாகவா?

மருந்துக்கடைக்காரி பார்த்தால் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனேன். பெபிஷா ஷாலால் முகத்தை மூடிக்கொண்டாள். பரிசோதித்துவிட்டு அஞ்சு மேடம் வெளியே வந்தார். "யாரு படிச்சுக் குடுத்தது?"

"நான்தான்."

"மேல இழுக்கணும்னு சொன்னேன். இது கீழ தள்ளிட்டே இருந்திருக்கு. ஏற்கெனவே தளந்த தசை சாரே. இனி முதல்ல இருந்து தொடங்கணும். மாசங்கள் ஆவும்."

ஞானஸ்நானம் அடுத்த மாதம்.

ஒழுகுகிற குழாயை ஸ்பேனர் போட்டு உடைத்திருக்கிறேன். இனாமாக.

14 ஏப்ரல், ஞாயிறு

ஞானஸ்நான வீட்டார் என்று முன்பெஞ்சில் எல்லாரும் கலந்து உட்கார்ந்தோம். பெபிஷாவுக்குச் சந்தனநிறப் பட்டு, மாமியார் எடுத்தது. எபின் மஸ்கட்டில் இருந்து வீடியோவில். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டான். அவள் தூக்கித் தோளில் குலுக்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பாட்டுக்கு எல்லாரும் எழும்பினோம். அவள் எழும்பவில்லை. என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

பெஞ்சில் ஈரம்.

அவளை எழுப்பி நகர்த்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். "எனக்க பழைய சீக்குதான், போவட்டு!" என்று பின்பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிச் சிரித்தேன். சிரிப்புக் காட்டுவதில் எனக்கு அனுபவம் உண்டே. எல்லாரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

வாசலில் எபினின் அம்மா பெபிஷாவைத் திருப்பி நிறுத்தினாள். சபை முழுக்கப் பார்க்க, பட்டின் பின்பக்கத்தைத் தடவி, விரலை மூக்கருகே கொண்டு போனாள்.

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே சீக்காக்கும். குழாய்க்கடைக்காரனுக்க குடும்பத்துக்கே ஒழுக்கு! நீங்களே வச்சுக்கிடுங்க."

பிரியாணி தின்றுவிட்டுத்தான் போனார்கள். வேனில் பெபிஷாவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த சீட்டில் பிரியாணி வாளியை ஏற்றினார்கள்.

ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அவள் ஒருத்தியின் சீக்கைப் பரம்பரைச் சீக்கு ஆக்கிவிட்டேன்.

16 ஏப்ரல்

ராஜையன் கடைக்கு வந்து வாஷர் கேட்டான். "ஃபேமிலி பேக் இருக்கா, மக்கா?" எடுத்துக் கொடுத்தேன்.

2 ஜூன்

சபைக் கோயிலில் எனக்குத் தனியாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், கதவோரம். கழுவ எளிதாம். நான் காய்ந்து நாலு மாதம் ஆகிறது என்று வேட்டியை அவிழ்த்தா காட்ட முடியும்? உட்கார்ந்தேன். காற்று நன்றாக வருகிறது.

20 ஜூன்

எபின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். பெபிஷா அடுக்களையில் போட்டுக் கேட்டாள். "பிள்ளைக்கு நாப்கின் வாங்கவா, உனக்கு வாங்கவா? சைஸ் சொல்லு." பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம். அவள் திரும்பவும் போட்டுக் கேட்டாள். ஏன்? பிறகு தரையில் படுத்து, முட்டியை மடக்கி, பயிற்சியைத் தொடங்கினாள். எண்ணும்போது குரல் நடுங்கவில்லை.

நான் கடைக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

23 ஆகஸ்ட்

மிளகாய் வறுத்த நெடியில் பெபிஷா அடுக்கடுக்காகத் தும்மினாள். அப்படியே நின்றாள். பிறகு, "அப்பா, ஒரு சொட்டு இல்ல" என்றாள். என்னிடம் நேராக அவள் இதைப் பேசியது இதுதான் முதல்முறை.

21 செப்டம்பர்

எபினின் அம்மா வந்தாள். மருந்துக்கடைக்காரி சொன்னாளாம், பெபிஷாவுக்குச் சுகமாகிவிட்டதென்று. எபின் அடுத்த வாரம் லீவில் வருகிறான். தாயையும் பிள்ளையையும் இன்றே கொண்டு போக வேண்டுமாம். பூங்கனி ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "இரிங்க சம்பந்தி" என்றேன்.

அவள் சோபா உறையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, மர நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அத்தே, அதுல இரிக்காதீங்க." பெபிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். "நான் இப்பந்தான் எழும்பினேன்."

பாதி உட்கார்ந்தவள் எழும்பினாள். சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக்கொண்டாள். "சுகமாச்சுன்னாவளே?"

"இல்லத்தே. எனக்க அப்பனுக்கும் இல்ல. பரம்பரைல்லா."

சம்பந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஆமா, நிக்காது."

வெளியே ஆட்டோ கிளம்பிப் போனது. பூங்கனி பெட்டியைப் பிடித்தபடி அழுதாள். பெபிஷா பிள்ளைக்குச் சோறூட்டப் போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.