விரிசல் விட்ட டிரம்கள்

ஹவுரா,
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சிவராம் வணக்கத்துடன் எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அண்ணன் ஓட்டிய பழைய லாரியைச் சரிசெய்கிறேன். குளிர்காலத்தில் பழைய வண்டிகளின் ஊர்வலம் இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது; பிரேக்தான் பாக்கி. கோபப்படாதீர்கள். அது ஷெட்டில் துருப்பிடிப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. முட்டிவலி தேவலையா?

அன்புடன்,
சிவராம்

டாலிகஞ்ச்,
18 நவம்பர் 2024

தம்பி சிவராமுக்கு,

முட்டிவலி அப்படியேதான். ஆற்றைத் தாண்டி என்னைப் பார்க்க வரமுடியாதவனுக்கு ஊர்வலம் எதற்கு?

கர்சியாங் மலையிலிருந்து இறங்கும்போது உன் அண்ணனைக் கொண்டுபோன வண்டி அது. இப்போதும் தெருவில் லாரி பிரேக் போட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். "யாரும் இல்லம்மா, வந்து உட்காரு" என்று ஜெயப்ரியா கூட்டிவருகிறாள். அந்த வண்டியை இரும்புக்கடைக்குப் போட்டுவிடு.

அண்ணி,
தமிழரசி

ஹவுரா,
2 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றினார். நான்கு பிரேக் டிரம்களும் உள்ளே தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்து, விரிசல் விட்டிருக்கின்றன. "கடைசல் பிடிச்சும் பிரயோஜனமில்ல, புதுசுதான் போடணும்" என்றார். பிறகு ஒரு டிரம்மைத் தடவிப் பார்த்து, "அண்ணே, ஓட்டினவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்ல. மலை பூரா மிதிச்சிருக்கார். சூடேறினதுல பிரேக் பிடிக்காமப் போயிருக்கு" என்றார்.

அண்ணி, அண்ணன் தூங்கவில்லை! தூங்கி வண்டியைக் கவிழ்த்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேசியது பொய். அந்த ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். புது டிரம் மாட்டியதும் முதல் ஓட்டத்துக்கு நீங்கள்தான் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அன்புடன்,
சிவராம்

டாலிகஞ்ச்,
11 டிசம்பர் 2024

தம்பி சிவராமுக்கு,

உன்மேல் கோபமில்லை. நல்ல சேதி என்று நினைத்துத்தான் எழுதினாய்.

ஊர் பேசியபோது நான் ஏன் மறுத்துப் பேசவில்லை, தெரியுமா? தூங்கினவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பயந்திருக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் நானும் தூங்கினேன்.

இப்போது கண்ணை மூடினால் மலைப்பாதைதான். ஒவ்வொரு வளைவிலும் அவர் விழித்திருக்கிறார். மிதிக்கிறார். வண்டி நிற்கவில்லை.

நீ ஊர்வலத்துக்குப் போய்வா. நான் வரவில்லை. இனி கடிதமும் வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஜெயப்ரியாவிடம் மட்டும் எதுவும் சொல்லாதே. அவள் மனசிலாவது அவள் அப்பா தூங்கட்டும்.

தமிழரசி