அப்பா பிடிக்கிற கோழிகள்

ஜூன் 4

கோழி எடை எழுத வாங்கிய நோட்டு இது. பின்பக்கம் திருப்பி என் பாட்டை எழுதுகிறேன். தப்புதான், மன்னிக்கணும். வேறு யாரிடம் சொல்ல?

குஞ்சும் தீவனமும் தந்து எங்களை வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் லாரியில் புதுத் தீவனம் வந்தது. மூட்டையைப் பிரித்ததும் புளித்த வாடை. குருணையைவிட மாவுதான் அதிகம். பழைய தீவனம் மூன்று மூட்டை மிச்சம் இருந்தது. ஷெட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கம் உள்ள நூறு கோழிகளுக்கு அதையே போடச் சொன்னார் அப்பா.

ஜூன் 7

தீவனத்தைக் கிளறிவிட்டுத் தண்ணீருக்கே ஓடுகின்றன. தரையில் உமி நசநசவென்று ஈரம்.

ஜூன் 10

எடை நாள். இருபது கோழி. கண்ணில் பட்டதைப் பிடிக்க வேண்டும் என்பது கம்பெனி முறை. அப்பாவின் கை வழக்கம்போலக் கொழுத்ததையே தேடிப் போனது. சராசரி தொள்ளாயிரம் கிராம். எழுதினேன். ஓரத்தில் ஒடுங்கி நின்றவற்றை யாரும் தூக்கவில்லை.

ஜூன் 12

சூப்பர்வைசர் வந்தார். தீவனம் சரியில்லை என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, எடை கும்முனு இருக்கு. படிச்ச பொண்ணு எழுதினது பொய்யா சொல்லும்?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும்.

உள்ளதையே எழுதியிருந்தால் என்ன என்று பிறகு அம்மா கேட்டாள்.

"வளர்ப்பு சரியில்லைன்னு நம்ம தலையில கட்டிட்டு, அடுத்த குஞ்சு தரமாட்டான். பக்கத்து ஷெட்டு பூட்டிக் கிடக்கறதைப் பாக்கலையா?" என்றார் அப்பா.

ஜூன் 13

கூட்டி எழுதினாலும் மாட்டினோம், உள்ளதை எழுதினாலும் மாட்டினோம். பட்டம் வாங்கி என்ன? பேனா பிடிக்கத் தெரிகிறது. வாய் திறக்க?

ஜூன் 15

அப்பா வெளியே போயிருந்தார். மூலையில் பலகையைக் குறுக்கே வைத்து, உள்ளே சிக்கியதை எல்லாம் பொறுக்காமல் எடை போட்டேன். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கமும்.

புதுத் தீவனம் — சராசரி தொள்ளாயிரத்து எண்பது கிராம். பழையது — ஆயிரத்து இருநூற்று நாற்பது.

ஒரே கூரை, ஒரே உமி, ஒரே தண்ணீர். வளர்ப்பில் குறை இல்லை, அப்பா. மூட்டை தீர்கிறதே ஒழிய எடை அதற்கேற்ப ஏறவில்லை. இப்படியே போனால் வளர்ப்புக் கூலி பாதிகூடத் தேறாது.

ஜூன் 16

சொல்ல மூன்று முறை போனேன். "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். அவர் கையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே —

ஜூன் 17

மறுபடி எடை நாள். சூப்பர்வைசர் வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பலகை வைத்துவிட்டேன்.

"பிடிங்கண்ணே, இன்னும் நாலு ஷெட்டு போகணும்" என்றார் அவர். அப்பா குனிந்தார். நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"அப்பா, இன்னைக்கு நீங்க எழுதுங்க. நான் பிடிக்கிறேன்."