பழைய முகம் போட்ட கம்ப்யூட்டர்

அல் ஐன்,
12.3.2004

அன்புள்ள பானுமதிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

டைப்பிங் சென்டர் காதர் பாய்க்குப் பத்து கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே, "ஒண்ணும் இருந்த இடத்துல இல்ல வே, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போரும்" என்றார். வியாபாரம் கைநழுவுமோ என்று பயந்து, நானும் எங்கள் கடை மெக்கானிக் ஜெயசீலனும் அதற்குப் பழைய விண்டோஸ் 95 முகத்தை மாட்டினோம். சாம்பல் பட்டை, மூலையில் ஸ்டார்ட் பொத்தான், எல்லாம் அச்சு அசல். உள்ளே லினக்ஸ்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"உள்ள என்னவும் இருக்கட்டும்வே. கை போற இடத்துல பொத்தான் இருக்குல்லா, போதும்" என்று பத்தையும் வைத்துக்கொண்டார்.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக மாற்று. என் கட்டிலை மட்டும் ஜன்னலோரமே விட்டுவை.

ஊருக்குப் புறப்பட்ட கார்மேகம் வாசலில் நிற்கிறார், இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
சிவசங்கரன்