நாற்பது வீதம் வென்ற கட்சி

அண்ணை,

இந்த மடலில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு நானே உத்தரவாதம். இன்று காலை பாணை வாட்டி, உங்கள் மகள் தந்த நோர்வே மண்ணிறச் சீஸை அதன்மேல் சீவிப் போட்டேன். எரிந்த ரொஃபி போன்ற அந்த மணம் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதி முழுவதையும் மூடியது. பஸ்கள் வழி தெரியாமல் நின்றன. நான் மட்டும் நேராக நீங்கள் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் நீங்கள் அதைப் பத்தால் பிரிப்பீர்கள். றிச்மண்ட் ஹில் கோயில் தேருக்கு ஐந்து லட்சம் சனம் என்றால், "அம்பதாயிரம். அதுகும் கூட" என்பீர்கள்.

நோர்வேயின் வட முனையில் இருபது வருடம் மீன் வெட்டியவர் நீங்கள். அந்த மீன்களை வரிசையாக அடுக்கினால் அதில் நடந்தே சந்திரனுக்குப் போய், குடையை மறந்துவிட்டு வந்து, திரும்பவும் போய் எடுத்து வரலாம். நீங்கள் அகதியாக இறங்கிய முதல் கிழமை, கதவைத் தட்டிச் சப்பாத்தும் கம்பளியும் தந்த கிழவி ஒரு சின்னக் கட்சிக்காரி. மகளோடு இருக்க ரொறன்ரோவுக்கு வந்த பிறகும், நோர்வேப் பாராளுமன்றத் தேர்தல் வந்தால் உங்கள் வாக்கு அந்தக் கட்சிக்குத்தான். கடைசித் தடவை டவுன்ரவுனிலுள்ள நோர்வேத் தூதரக அலுவலகத்துக்கு வாக்குப்போட நான்தான் காரில் கொண்டுபோனேன். மகளின் கல்யாணத்துக்கே கட்டாத ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து ஏறினீர்கள்.

"ஒரு வோட்டுக்கு ஏனண்ணை இவ்வளவு சோடனை?"

"அந்த மனிசி இப்ப உயிரோடை இல்லை. வோட்டையெண்டாலும் மரியாதையாப் போடவேணும். நீ றோட்டைப் பாத்து ஓடு."

நாடு முழுக்க நூற்றுக்கு நாலு வீதத்தைத் தொடாத கட்சிக்கு அங்கே மிச்ச ஆசனங்களைப் பங்கிடும்போது இடமில்லை. இம்முறை தொடாவிட்டால் கட்சியே கரைந்துவிடும் என்று பயந்தீர்கள். முடிவு வந்த நாள், அங்கே வாக்களிப்பு முடிய இங்கே பின்னேரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உங்களுக்குக் கண் தெளிவில்லை. ஐபாட் என் கையில். கட்சி நாலுக்குக் கீழே கிடந்து, ஏறவே மாட்டேன் என்றது.

"என்னவாம்? வாசியடா."

உண்மையைச் சொன்னால் அதையும் பத்தால் பிரிப்பீர்கள். பிறகு கட்சியில் என்ன மிஞ்சும்? தொண்டையைச் செருமினேன்.

"நாப்பது வீதம், அண்ணை! அரசர் மாளிகையாலை இறங்கி வந்து றோட்டிலை ஆடுறார். மீனெல்லாம் கடலாலை எழும்பிக் கைதட்டுது!"

கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தீர்கள்.

"நாலு. தொட்டிட்டுது." பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள். "கணக்கு இவ்வளவு சரியா வாறதுதான் எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டீர்கள். நம்பினீர்களா, என் முகத்துக்காக நம்பியதுபோல் கிடந்தீர்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்சி நாலைத் தொடவில்லை, அண்ணை. அரசர் ஆடவில்லை. மீன்களுக்குக் கையுமில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து போடும் வாக்கு, கடைசியாக வாழ்ந்த ஊரின் எண்ணிக்கையில்தான் சேரும் என்று பிறகு அறிந்தேன். உங்கள் மீன்பிடி ஊரின் முடிவைத் தேடிப் பார்த்தேன். உங்கள் கட்சிக்கு அங்கே பதினொரு வாக்கு. அதில் ஒன்று உங்களுடையது.

பதினொன்று. இந்த மடலில் அது மட்டும் உண்மை. எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். அந்த எண்ணை ஒன்றுகூடக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.