உப்புத் தொட்டியில் தேரை

2013 நவம்பர் 12, செவ்வாய்

என் தேரை இன்றைக்குச் சாகப் பார்த்தது. பிழை என்னுடையது. மிளகாய்த் தோட்டத்தில் பிடித்து வந்த சீவனை, என் மூத்த சகோதரர் காக்கா கருவாட்டுக்கு மீன் உப்பிடும் பழைய தொட்டியில் விட்டிருந்தேன். மூன்று தரம் கழுவினேன்தான். ஆனாலும் கீறல்களுக்குள் உப்பு இருந்திருக்கிறது. மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால், தோல் சுருங்கி, காலை நீட்டிக் கிடந்தது.

"மௌத்தாப் போச்சு. தூக்கி வீசு தங்கச்சி" என்றார் காக்கா.

நான் வீசவில்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போது அதன் தொண்டை துடித்தது. ஈர மணல் போட்ட மண்சட்டிக்கு மாற்றினேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு ஓர் ஈசலை நீட்டினேன். என் விரலிலிருந்தே எடுத்தது.

"பாத்தீங்களா காக்கா, இதுக்கு என்னத் தெரியுது."

"ஈசலத்தான் தெரியுது. மூடியத் திறந்து வெச்சுப் பாரு. விடியிறதுக்குள்ள தோட்டத்துக்குப் போயிரும்."

"போகாது."

"அப்ப திற."

திறந்துவிட்டேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில் சட்டி மூடியில்லாமல் இருக்கிறது. என் கையால் தின்ற சீவன் எங்கே போகப்போகிறது? எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகமில்லை. குசினிக் கதவுக்குக் கீழே காக்கா உடுத்திக் கிழிந்த பழைய சாரனைச் சுருட்டி அடைத்திருப்பது, பூரான் உள்ளே வராமல் இருக்கத்தான்.