வாசலில் அடித்த மக்காச்சோளம்

அன்பு மகன் அறிவழகனுக்கு அப்பா வேணுகோபால் எழுதுவது. சிங்கப்பூரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் தங்கை பூங்குழலியின் மகள் நந்தினிக்குப் போன வாரம் மறுபடியும் மூச்சு இழுத்துக்கொண்டது. மருந்து பாதிதான் கேக்கும், பிள்ளையத் தூசு இல்லாத எடத்துல வச்சிருங்க என்று பெரம்பலூர் டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொன்னார்கள். அதற்காகத்தானே தெருவையே மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டிவைத்துக் கெஞ்சினேன். சோளம் அடிக்கிற மெஷினை யாரும் நம் தெருவில் நிறுத்துவதில்லை, ஏரிக்கரைக் களத்துக்கு ஏற்றிப்போய்த்தான் அடிப்பது என்று எல்லோரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள், வீடியோ காலில் நீயும் பார்த்தாய். களம் தூரம், வண்டிக் கூலி கூடுதல், ஆனாலும் எதிர்வீட்டு அம்மாக்கண்ணு முதற்கொண்டு வாக்கைக் காப்பாற்றினார்கள். பிள்ளையும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனாள். இந்த வருஷம் நம் வாசலிலேயே மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியவன், உன் பங்கு நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து உழும் உன் சித்தப்பா சாமிதுரை. நான் ஓடிப்போய் மறிப்பதற்குள் தூசும் சருகும் தெருவையே மூடிவிட்டன. வேணுகோபால் வூட்டுச் சோளமே தெருவுல அடிக்கும்போது நாங்க மட்டும் எதுக்குக் களத்துக்குச் சுமக்கணும் என்று மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் கொட்டிவிட்டார்கள். எந்த முகத்தோடு அவர்களைத் தடுப்பேன், நீயே சொல்.

மறுநாள் பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது கரண்ட் இல்லை, ஆவி பிடிக்கிற மெஷின் ஓடவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் சோளக் குவியலையும் அதற்கு அணையாக வைத்த கல்லையும் தாண்ட முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உதடு நீலம் பாரித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்குழலி சோளத்தின் மேலேயே ஓடினாள், வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தேன். என்னய எதுக்குண்ணே புடிக்கிற, வாசல்லயே அடிச்சுடுங்க சித்தப்பா, வண்டிக் கூலி மிச்சம், ஒருநாள் தூசுல ஒண்ணும் ஆயிடாது, அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னு ஒன் மவன்தான் போன்ல சொன்னான் என்றான். நீ என்னிடம் பேசவே இல்லை அறிவழகா. ஊரார் வாக்குத் தவறியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பெற்ற பிள்ளை முதுகில் குத்தினால் யாரிடம் போய் நியாயம் கேட்பது.

இனி இந்தத் தெருவில் பிள்ளையை வைத்திருக்க மாட்டேன் என்று பூங்குழலி பெரம்பலூரில் ஒரு அறை பிடித்துப் போய்விட்டாள். மாப்பிள்ளை வெளியூரில் வேலையாக இருப்பதால் உன் அம்மாவும் துணைக்குப் போயிருக்கிறாள், நான் ஒருவன்தான் இங்கே பொங்கித் தின்கிறேன். எல்லாம் சித்தப்பா செய்த வேலை என்றே இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், இத்தனை கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். சித்திரையில் வரும்போது நேரே இங்கே வராதே, முதலில் பெரம்பலூரில் இறங்கி உன் தங்கையிடம் உன் வாயாலேயே சொல்லிவிட்டு வா. பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மட்டும் ஊருல இருந்திருந்தா மெஷினத் தெருவுக்குள்ள விட்டிருக்குமாப்பா என்று கேட்டு அழுதாள்.

உன் அப்பா,
வேணுகோபால்