உப்புப் பார்த்த முகம்

இன்று காலை வாழையிலையை அடுப்பில் வாட்டியபோது எழுந்த வாசனையில் உங்கள் நினைவு வந்தது, அண்ணா. மெரிலேண்ட்ஸ் கடையில் வாங்கிய உறைந்த இலைதான். நம் உணவகத்தின் மெக்சிகோ பன்றி இறைச்சிக்கு, அந்தக் கொச்சினீத்தா பிபிலுக்கு, அலுமினியத்தாள் போதும் என்று முதலாளி சொன்னபோது, "இலை இல்லாட்டி நான் வைக்கமாட்டன்" என்று பிடிவாதம் பிடித்தீர்களே, அன்றிலிருந்து இலைதான்.

சிவப்பு விதைச் சாந்தும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூசி, இலையில் பொதிந்து ஓவனில் வைத்தால் பகல் முழுக்க மெல்ல வேகும். மாலையில் பொதியைப் பிரித்து நார்நாராகப் பிய்க்கும்போதுதான் உங்களுக்குத் தவிப்பு. யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டில் பன்றி புழங்கியதில்லை. ஆடு, நண்டு என்றால் வெளுத்துக்கட்டுவீர்கள். இது மட்டும் வாயில் படக்கூடாது. "நீர் உப்புப் பாரும்" என்று மதுரைக்காரியான என்னிடம் கரண்டியை நீட்டுவீர்கள்.

ஆனால் என் பதிலை நம்பமாட்டீர்கள். "நல்லா இருக்குண்ணா" என்றாலும் என் முகத்தையே பார்ப்பீர்கள். பிறகு, "இல்லை, உப்புக் காணாது" என்று ஒரு சிட்டிகை போடுவீர்கள். அதற்குப் பிறகு சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"தின்ன எனக்குத் தெரியாதாண்ணா?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"ஓம், உமக்குத் தெரியும். வீட்டுக்குப் போற அவசரத்தில சொல்லுறீர்" என்று சிரித்தீர்கள்.

ஒரு லீவு நாளில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அதன்பின் நான் அதைச் சமைத்தபோதெல்லாம் தட்டுகள் பாதி மிச்சத்தோடு திரும்பின. இன்றும் அப்படித் திரும்பினால் அதை மெனுவிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் கைப்பக்குவம் என்று அங்கே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

மாலையில் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எப்போதும் அப்படித்தானே சொல்வேன்? மென்றபடியே ஃபிரிட்ஜின் பளபளப்பான கதவு முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன். இடது புருவம் லேசாக ஏறியது. இத்தனை வருடமும் நீங்கள் பார்த்தது இதைத்தானா!

ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கிளறி, மறுபடி ஒரு வாய். புருவம் அசையவில்லை.

தட்டுகள் காலியாகத் திரும்பின. மெனுவில் அது இருக்கிறது, அண்ணா. கரண்டியும் கையுமாகக் கதவு முன்னால் என்ன செய்கிறாய் என்று கூட வேலை பார்ப்பவள் கேட்டாள். அண்ணா உப்புப் பார்க்கிறார் என்றேன்.